நடை வந்த பிறகு

என் அம்மாவின் வலக் காதுக்குப் பின்னால், முடிக்குள் மறைந்தபடி, புளியங்கொட்டையைவிடச் சற்றே பெரிய ஒரு மேடு இருக்கிறது. தலைக்கு எண்ணெய் வைக்கும்போதெல்லாம் என் விரல் அதன்மேல் ஒருமுறை நின்றுவிட்டுத்தான் நகரும். அது ஒரு வால்வு. மூளையின் உள்ளறையில் தொடங்கும் மெல்லிய குழாய் ஒன்று அந்த வால்வின் வழியாகக் கழுத்துத் தோலுக்கடியில் இறங்கி, மார்பைக் கடந்து, வயிற்றறைக்குள் போய் முடிகிறது. மூளைக்குள் தேங்கும் நீரை வயிற்றுக்கு வடித்துவிடும் இதை மருத்துவர்கள் ஷன்ட் என்கிறார்கள். அம்மாவுக்கு இது வைக்கப்பட்டு 22 மாதங்கள் ஆகின்றன. அப்போது அவருக்கு வயது 72.

ஊரில் என்னைப் பார்ப்பவர்கள், "அம்மா இப்ப நல்லா நடக்கறாங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். நடக்கிறார் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட முடிகிறது. நடையைத் தவிர மற்றதெல்லாம் எப்படித் திரும்பியது, எது திரும்பவில்லை, எது திரும்பும்போது தன்னோடு ஓர் அழுகையையும் கூட்டிக்கொண்டு வந்தது என்பதை அப்படிச் சொல்ல முடியவில்லை. அறுவை சிகிச்சைக்கு முன் நான் தேடித் தேடிப் படித்தபோது, குழாயை எப்படி வைப்பார்கள் என்பது தமிழில் ஓரளவு கிடைத்தது. வீட்டுக்கு வந்த பிறகு அந்த மனிதரின் நினைவும் மனநிலையும் என்ன ஆகும் என்பது என் கண்ணில் படவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

நாங்கள் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில் இருக்கிறோம். அரசாங்கக் காகிதம் மலையாளத்தில் வரும். வீட்டிலும் தோட்டத்திலும் கோயிலிலும் கொங்குத் தமிழ்தான். அம்மா இங்கேயுள்ள தமிழ்ப் பள்ளியில் 5-ஆம் வகுப்பு வரை படித்தவர். அப்பா இறந்த பிறகு நான்கு மாடுகளை வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றி, என்னையும் தம்பியையும் படிக்கவைத்தவர். எந்த மாடு எந்த மாதம் சினைப்பட்டது, எந்த வாரம் பாலில் கொழுப்பு குறைந்து எவ்வளவு பணம் குறைந்தது என்பதெல்லாம் எழுதி வைக்காமலே அவர் வாயில் இருக்கும்.

முதலில் கெட்டது நடை. கால்களை அகட்டி வைத்து, சிறு சிறு அடியாக, பாதத்தைத் தரையிலிருந்து தூக்காமல் இழுத்து இழுத்து நடக்கத் தொடங்கினார். வாசற்படிக்கு வந்தால் அடுத்த அடி வராது; தரை காலைப் பிடித்துக்கொண்டது போல நின்றுவிடுவார். ஒரு பக்கம் திரும்புவதற்கு ஏழெட்டு அடி வைக்க வேண்டியிருந்தது. அடுத்து, கல்யாணம் காட்சி என்று எதற்கும் வர மறுத்தார். முட்டிவலி என்று காரணம் சொன்னார். துணி துவைக்கும்போதுதான், சிறுநீரை அடக்க முடியாமல் போயிருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது. மூன்றாவதாக வந்ததற்கு எங்களிடம் சரியான பெயர் இல்லாததால் அதை மறதி என்று சொல்லிக்கொண்டோம்.

உண்மையில் அது வெறும் மறதி அன்று. தொலைக்காட்சி ஓடினால் பார்ப்பார். நிறுத்தினால் நின்றுபோன திரையையும் அதே முகத்தோடு பார்ப்பார். பசிக்கிறதா என்று கேட்டால் நெடுநேரம் கழித்து "உம்" என்பார். கேட்காவிட்டால் சாப்பாட்டைப் பற்றிய பேச்சே வராது. மாடுகளைக் கவனிக்க ஆள் இல்லாமல் இரண்டை விற்றோம். அவற்றில் ஒன்று, அவர் கன்றிலிருந்து வளர்த்த செவலை. பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகும் வண்டியில் அதை ஏற்றியபோது அம்மா திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. மனம் கல்லாகிவிட்டது என்று தம்பி சொன்னான். மனச்சோர்வு என்று நான் நினைத்தேன். இரண்டும் தவறு.

முதலில் பார்த்த மருத்துவர் வயது என்றார். அடுத்தவர் பார்க்கின்சன் நோய்க்கான மாத்திரை கொடுத்தார். ஆறு மாதம் சாப்பிட்டும் நடையில் மாற்றம் இல்லை. ஒரு நாள் குளியலறையில் விழுந்து நெற்றி கிழிந்ததால், உள்ளே இரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்க எடுத்த சி.டி. ஸ்கேனில்தான் மூளையின் அறைகள் அளவுக்கு மீறி விரிந்திருப்பது தெரிந்தது. நார்மல் பிரஷர் ஹைட்ரோகெபலஸ் என்ற பெயரை அன்றுதான் கேட்டோம். தலைக்குள் நீர் தேங்கியிருக்கிறது என்று நான் உறவினர்களிடம் சொன்னபோது, எல்லோரும் அதை நீர்க்கோவை என்று எடுத்துக்கொண்டு நொச்சித் தழை ஆவியும் சுக்குப் பற்றும் சொன்னார்கள். அன்பினால் சொன்னதுதான், ஆனால் இது வேறு நீர்.

மூளைக்குள் உள்ள அறைகளில் தெளிந்த நீர் ஒன்று நாள்தோறும் ஏறக்குறைய அரை லிட்டர் சுரக்கிறது. எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது சுமார் 150 மில்லிலிட்டர்தான். மீதி மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றிவந்து இரத்தத்தில் சேர்ந்துவிடும். சிலருக்கு முதுமையில் இந்தப் போக்குவரத்து மந்தமாகி, அறைகள் மெல்ல விரிந்து, சுற்றியுள்ள நரம்பு இழைகளை இழுத்து அழுத்துகின்றன. கால்களுக்கும் சிறுநீர்ப் பைக்கும் முன்மூளைக்கும் போகும் இழைகள் அந்த அறைகளை ஒட்டியே செல்வதால்தான் நடை, சிறுநீர், சிந்தனை மூன்றும் சேர்ந்து கெடுகின்றன. கொலம்பியாவைச் சேர்ந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சாலமோன் ஹக்கீமும் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ரேமண்ட் ஆடம்ஸும் 1965-இல் இந்த நோயைப் பற்றி எழுதியபோது, மருத்துவ உலகத்தை அசைத்த செய்தி ஒன்று அதில் இருந்தது: அறிவுத் தேய்வு என்று கைவிடப்பட்டவர்களுள் சிலருக்கு நீரை வடித்தால் அறிவு திரும்புகிறது. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நான் அன்று இரவு முழுவதும் தூங்கவில்லை.

ஆனால் எவ்வளவு திரும்பும் என்பதில்தான் குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. முதுகுத்தண்டிலிருந்து 40 மில்லிலிட்டர் நீரை எடுத்துவிட்டு நடை மாறுகிறதா என்று பார்க்கும் சோதனையை அம்மாவுக்குச் செய்தார்கள். நடைகூடத்தில் 10 மீட்டர் தொலைவைக் கடக்க முதலில் 34 விநாடி ஆனது. நீரை எடுத்த அன்று மாலை 21 விநாடி. பாதம் தரையிலிருந்து எழுவதை நானே பார்த்தேன். அந்த மகிழ்ச்சியில், அம்மா முழுதாகத் திரும்பி வந்துவிடுவார் என்று மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டேன். அறுவை மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. "நடைக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது, சிறுநீருக்கு ஓரளவு, நினைவுக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றுதான் சொன்னார். அந்தக் கடைசிப் பகுதியை நான் கேட்டும் கேளாதவளாக இருந்துவிட்டேன்.

அறுவை சிகிச்சை பெரிய சிக்கலின்றி முடிந்தது. அதன் பிறகு வந்த இரவுகளுக்குத்தான் எங்களை யாரும் தயார்ப்படுத்தவில்லை. மூன்றாம் நாள் இரவு அம்மா எழுந்து உட்கார்ந்து, கட்டிலின் கம்பியைப் பிடித்து உலுக்கி, "கன்னுக்குட்டி தாம்பை இழுக்குது, அவுத்து உடு கண்ணு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். செவிலியர் மலையாளத்தில் சமாதானம் சொன்னார். அம்மாவுக்கு மலையாளம் நன்றாகவே தெரியும். சந்தையிலும் சொசைட்டியிலும் அதில்தான் பேசுவார். ஆனால் அன்று இரவு ஒரு சொல்லும் அவருக்குள் இறங்கவில்லை. நான் தமிழில், "அவுத்து உட்டாச்சும்மா, தாய்கிட்டப் பால் குடிக்குது" என்று சொன்ன பிறகுதான் தலையணையில் சாய்ந்தார். ஷன்ட் வேலை செய்யவில்லை, மூளை இன்னும் கெட்டுவிட்டது என்று நான் கழிப்பறையில் நின்று அழுதேன். அது அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதியவர்களுக்கு வரும் தற்காலிக மனக்குழப்பம் என்று மறுநாள்தான் சொன்னார்கள். மயக்க மருந்து, தூக்கமின்மை, வலி, புது இடம், சிறுநீர்க் குழாய், மலச்சிக்கல் என்று பல காரணங்கள் சேர்ந்து அதைக் கொண்டுவருகின்றன. பகலில் தெளிவும் இரவில் குழப்பமுமாக ஏறி இறங்கும். கண்ணாடியை மாட்டிவிடுவது, பகலில் சன்னல் வெளிச்சத்தில் உட்காரவைப்பது, பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருப்பது, தாய்மொழியில் பேசுவது ஆகியவை மருந்துக்கு இணையாக உதவுகின்றன. எல்லைப்புறத்தில் வாழ்கிறவர்கள் அந்தக் கடைசிச் செய்தியை மருத்துவமனையில் சேரும் அன்றே சொல்லிவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்: நோயாளிக்கு இரண்டு மொழி தெரிந்திருக்கலாம், குழப்பத்தில் இருக்கும்போது ஒன்றுதான் மிஞ்சும்.

முடியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அம்மாவின் தலையில் வலப் பக்கம் மட்டும் மழித்திருந்தார்கள். பழனிக்கு முடி காணிக்கை கொடுத்தவர் என்றால் முழுவதும் போயிருக்கும். அதற்கு ஒரு மரியாதையும் இருக்கிறது. இது பாதி. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்த நாளிலிருந்து முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். வாசலுக்கு வர மாட்டேன் என்றார். நடக்கச் சொன்ன மருத்துவர் அறிவுரை அந்த முந்தானையில் சிக்கி இரண்டு வாரம் நின்றது. கடைசியில் தம்பி மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பேசி, மீதி முடியையும் ஒட்ட வெட்டிவிட்டு, மெல்லிய பருத்தித் துண்டைக் கட்டிவிட்ட பிறகுதான் தென்னந்தோப்பு வரை நடந்தார்.

முதல் மாதத்தில் தலைவலி வந்தது. எழுந்து உட்கார்ந்தால் வலிக்கும், படுத்தால் விட்டுவிடும். நீர் தேவைக்கு மேல் வடிகிறது என்பதன் அடையாளம் அது. அம்மாவுக்கு வைத்தது வெளியிலிருந்தே அழுத்தத்தை மாற்றக்கூடிய வால்வு. தோலின்மேல் ஒரு காந்தக் கருவியை வைத்துத் திருப்பினால் போதும், மறுபடி கத்தி வைக்க வேண்டியதில்லை. அழுத்தத்தை ஒரு படி உயர்த்தியதும் தலைவலி நின்றது. இந்த வால்வு இருப்பவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால், எடுத்த பிறகு வால்வு அதே படியில் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். சில வகைகளில் அந்தக் காந்தமே படியை மாற்றிவிடும்.

நடை மூன்றே வாரத்தில் மாறிவிட்டது. சிந்தனை திரும்பிய விதம் முற்றிலும் வேறு. எந்த நாளில் திரும்பியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் எந்த வாக்கியத்தில் திரும்பியது என்று தெரியும். இரண்டாம் மாத முடிவில் ஒரு மாலை, நான் பள்ளியிலிருந்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து குரல் வந்தது: "அம்மிணி, மழை வர்றாப்புல இருக்குது, கொடியில துணி கெடக்குது." நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. யாரும் கேட்காமல் அம்மா தானாக ஒரு வாக்கியத்தைத் தொடங்கி ஒன்றரை ஆண்டாகியிருந்தது. மழையைக் கவனித்து, துணியை நினைத்து, இரண்டையும் சேர்த்து, அதை இன்னொருவரிடம் சொல்ல வேண்டும் என்று எண்ணி, சொல்லியும் விட்டார். சிந்தனையில் இந்த நோய் முதலில் எடுத்துக்கொள்வது இந்தத் தானாகத் தொடங்கும் ஆற்றலைத்தான். நினைவு பெரும்பாலும் அழிவதில்லை; அதைப் போய் எடுத்து வருகிற வேகமும் முனைப்பும்தான் குன்றிவிடுகின்றன. "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்றால் அம்மாவுக்கு வராது, "தோசையா, களியா?" என்றால் சரியாகச் சொல்லுவார். அல்சைமர் நோயில் பல சமயம் அந்தக் குறிப்பும் உதவுவதில்லை. நோயாளியோடு பேசும் முறையை இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே நாங்கள் மாற்றிக்கொண்டோம்: திறந்த கேள்வியைக் கேட்டுவிட்டு முகத்தைப் பார்த்துக் காத்திருப்போம், மனத்துக்குள் இருபது எண்ணுவோம், அதன் பிறகே குறிப்புக் கொடுப்போம். இருபது எண்ணும் வரை காத்திருப்பது எவ்வளவு கடினம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஏழாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தகை பிழிய வேண்டும் என்று அவரே சொன்னார். சந்தகை என்பது அரிசிச் சேவை; எங்கள் பக்கத்தில் இது விருந்துச் சாப்பாடு. அரிசியை ஊறவைத்து, ஆட்டி, இட்லியாக வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் எடுத்து மர அச்சில் போட்டுப் பிழிய வேண்டும், ஆறிவிட்டால் இறங்காது. ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் பிழிதல், இடையில் தேங்காய்ப்பால், இன்னொரு பாதிக்குத் தாளிப்பு என்று எல்லாமே ஒன்றுக்கொன்று நேரம் பார்த்து நடக்க வேண்டிய வேலை. நோய் முற்றியிருந்தபோது அம்மா இட்லிச் சட்டியின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல், நீராவி முகத்தில் அடிக்க நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அன்று அவர் ஆறு ஈடு பிழிந்தார். மாவில் உப்புப் போட மறந்துவிட்டார். மூன்றாவது ஈட்டில் ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்து, முகத்தைச் சுளித்து, "உப்பில்ல, தாளிக்கறப்பச் சேத்திக்கலாம்" என்றார். அம்மா மறந்ததை நான் முன்பே கவனித்திருந்தேன். தான் மறந்ததை அவரே கண்டுபிடித்து, அதற்கு வழியும் கண்டதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. எந்தத் தேர்வின் மதிப்பெண்ணைவிடவும் அந்தத் துணுக்குச் சந்தகையை நான் நம்புகிறேன்.

தேர்வுகளும் நடந்தன. அறுவை சிகிச்சைக்கு முன், 30 மதிப்பெண்ணுக்கான அறிவாற்றல் தேர்வை மலையாளத்தில் வைத்தார்கள்; அம்மா 13 எடுத்தார். குறிப்பிட்ட ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் சொல்லச் சொன்னபோது, அவர் மலையாள எழுத்தைப் பள்ளியில் படித்தவரே அல்லர் என்பதை யாரும் கேட்கவில்லை. நான் கெஞ்சிக் கேட்டுத் தமிழ்ப் படிவத்தை வரவழைத்து, சில நாள் கழித்து மறுபடி வைத்தபோது 16 வந்தது. நோயே தொடாத மூன்று மதிப்பெண்கள் மொழியால் போயிருந்தன. அறுவை சிகிச்சைக்கு ஓராண்டுக்குப் பின் தமிழில் 19. முதல் 13-ஐ வைத்துக்கொண்டு பார்த்திருந்தால் ஆறு மதிப்பெண் முன்னேற்றம் என்று பொய்யாக மகிழ்ந்திருப்போம். பின்னால் ஒருவேளை மலையாளத்தில் தேர்வு வைத்திருந்தால் பொய்யாக வருந்தியிருப்போம். கொழிஞ்சாம்பாறையில் இருந்தாலும், சித்தூரில் இருந்தாலும், வாளையாரில் இருந்தாலும், தேர்வு எந்த மொழியில் நடந்தது என்பதைத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறையும் அதே மொழியில் வைக்கச் சொல்லுங்கள்.

இனி அழுகையைப் பற்றி. நாங்கள் தவறிய இடம் இதுதான். ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் காலை, நல்ல தெளிவோடு தொழுவத்தைச் சுற்றிவந்த அம்மா, "ஏங்கண்ணு, செவலையை எங்க கட்டியிருக்கீங்க?" என்று கேட்டார். விற்றுவிட்டோம் என்றேன். எப்போது என்றார். சொன்னேன். "எங்கண்ணு முன்னாலயா வண்டியில ஏத்துனீங்க? நான் ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டுவிட்டு, காலி முளைக்குச்சியைப் பிடித்தபடி உட்கார்ந்து அழத் தொடங்கினார். அந்த அழுகை அன்றோடு நிற்கவில்லை. அடுத்த வாரங்களில் விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டார், சோறு இறங்கவில்லை, "உங்களுக்கெல்லாம் பாரமாப் போயிட்டேன்" என்று தினமும் சொன்னார். பழைய ஈரத்துணிகளையும், அவற்றை நான் துவைத்ததையும் நினைத்து நினைத்துக் கூசிப்போனார். ஷன்ட் அடைத்துக்கொண்டது என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். குழாய் சரியாக இருந்தது, வால்வு சரியாக இருந்தது, உள்ளே இரத்தம் தேங்கவும் இல்லை.

மனநல மருத்துவர் ஒருவரிடம் போன பிறகுதான் எனக்கு விளங்கியது. அம்மாவிடம் முன்பு இருந்தது உணர்வுமந்தம். இப்போது வந்திருப்பது மனச்சோர்வு. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்று போலவே தெரியும்: இரண்டிலும் ஆள் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். உணர்வுமந்தத்தில் வருத்தம் இருக்காது, எதுவும் தேவைப்படாது; செவலை வண்டியில் ஏறியபோது அம்மா இருந்த நிலை அது. மனச்சோர்வில் வருத்தம் இருக்கும், குற்ற உணர்வு இருக்கும், தூக்கம் கெடும். முன்னது முன்மூளையின் இழைகள் அழுந்தியதால் வந்தது. நீர் வடிந்ததும் விலகத் தொடங்கியது. அது விலகியதால்தான் தான் இழந்தது எதுவென்று அவருக்குத் தெரிந்தது. நாங்கள் திரும்பி வா, திரும்பி வா என்று கேட்ட அதே மனம்தான் செவலைக்காக அழுதுகொண்டிருந்தது. இதை எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், அந்த மாதங்களில் நான் "எல்லாம் நல்லா ஆயிருச்சே, ஏம்மா அழுகறே?" என்று கேட்டிருக்க மாட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு இன்றும் வருந்துகிறேன்.

மருந்து கொடுத்தார்கள். முதியவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரைகளில் சில இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடும், சோடியம் குறைந்தால் அதுவே குழப்பத்தைக் கொண்டுவரும் என்பதால், இரண்டு வாரம் கழித்து இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். பழைய மருந்துச் சீட்டுகளையும் அந்த மருத்துவர் வாங்கிப் பார்த்தார். சிறுநீரை அடக்குவதற்கென்று முன்பு எங்கோ எழுதிக்கொடுத்த ஒரு மாத்திரையை அம்மா இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த வகை மாத்திரைகள் பல முதியவர்களின் நினைவை மங்கவைக்கும் என்று சொல்லி அதை நிறுத்தினார். மருந்தைவிடவும் உதவியது எது என்று கேட்டால் நான் மாட்டைச் சொல்லுவேன். அந்தச் செவலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் மீதியிருந்த இரண்டில் ஒன்று ஈன்றபோது சீம்பாலைக் கறக்கும் பொறுப்பை அம்மாவிடமே விட்டோம். பட்டுவாடா நாளில் சொசைட்டிச் சீட்டைச் சரிபார்க்கும் வேலையையும் கொடுத்தோம். முதலில் தவறாகக் கூட்டினார்; நாங்கள் திருத்தவில்லை. பத்து மாதத்துக்குள், சீட்டில் ஒரு வேளைப் பால் விடுபட்டிருப்பதை அவரே பிடித்தார்.

2025-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இந்த நோய் பற்றிய ஓர் ஆய்வு வெளிவந்தது. 99 முதியவர்களுக்கு, மாற்றக்கூடிய வால்வுள்ள ஷன்டை வைத்துவிட்டு, பாதிப் பேருக்கு அதைத் திறந்தும், மீதிப் பேருக்கு நீர் ஏறக்குறைய வடியாதபடி அழுத்தத்தை உயர்த்தியும் விட்டார்கள். யாருக்கு எது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. மூன்று மாதத்தில், திறந்தவர்களின் நடை வேகம் விநாடிக்கு 0.23 மீட்டர் கூடியது, மற்றவர்களுக்கு 0.03 மட்டும். அறிவாற்றல் தேர்விலும் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் இரு பிரிவினருக்கும் தெளிவான வேறுபாடு தென்படவில்லை. திறந்தவர்களுக்கு மூளையுறைக்கு அடியில் இரத்தம் கசிவது அதிகமாகவும் இருந்தது. இதைப் படித்துவிட்டு, நினைவுக்காக ஷன்ட் வைப்பது வீண் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்றாம் மாதத்தில் யாராவது அம்மாவுக்குத் தேர்வு வைத்திருந்தால், அவரும் அந்த "வேறுபாடு இல்லை" என்ற வரிசையில்தான் நின்றிருப்பார். சந்தகை ஏழாம் மாதத்தில் வந்தது. ஆனால் ஒரே வீட்டில் நடந்ததை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு நம்பிக்கையை அள்ளிக் கொடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. இந்த நோயுள்ள பலருக்கு அல்சைமர் நோயின் மாற்றங்களும், சர்க்கரையாலும் இரத்த அழுத்தத்தாலும் மூளையின் சிறு நாளங்கள் அடைபட்ட மாற்றங்களும் கூடவே இருக்கின்றன; அவற்றை எந்தக் குழாயும் வடித்துவிட முடியாது. நோய் எவ்வளவு காலம் கவனிக்கப்படாமல் கிடந்ததோ அவ்வளவுக்குத் திரும்புவதும் குறையும். அம்மாவின் பார்க்கின்சன் மாத்திரையில் போன ஆறு மாதம் எனக்கு இப்போதும் உறுத்துகிறது.

திரும்பாதவை இருக்கின்றன. நோயின் அந்த இரண்டு ஆண்டுகளில் நடந்தவற்றில் பெரும்பாலானவை அம்மாவுக்குள் பதிந்திருக்கவில்லை. தம்பி மகளின் முதல் பிறந்தநாளுக்குத் தான் கூடவே இருந்த படத்தைப் பார்த்து, யாரோ சொன்ன கதையைக் கேட்பவர் போலத் தலையாட்டுகிறார். கூட்டமாகப் பேசும் இடத்தில் பேச்சைத் தொடர முடியாமல் சோர்ந்துவிடுகிறார். பாலக்காட்டுக்கு ஒரு தடவை போய் வந்தால் மறுநாள் முழுவதும் படுத்திருக்க வேண்டும். புதுக் கைப்பேசியை இயக்கக் கற்றுக்கொள்ளவில்லை. ஆடி மாதத்துக் காற்று கணவாய் வழியாக வந்து பனைமரங்களை உலுக்கும்போது, அந்த இரைச்சலில் அவருக்கு எரிச்சல் வருகிறது. முன்பு அப்படி வந்ததில்லை. மனச்சோர்வு மாத்திரை குறைந்த அளவில் இன்னும் தொடர்கிறது. அதை நிறுத்த வேண்டும் என்ற அவசரம் எங்களுக்கு இல்லை. யாரிடம் போவது என்று தெரியாமல் திகைப்பவர்களுக்கு, 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

கடந்த மாதம் சோதனைக்குப் போயிருந்தோம். நோய் இருந்த காலத்தில், மருத்துவர் எதைக் கேட்டாலும் அம்மா என் பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார். விடை அங்கே எழுதியிருப்பது போல. இந்த முறையும் நான் பழக்கத்தினால் வாயைத் திறந்துவிட்டேன். அம்மா என் கையின்மேல் தன் கையை வைத்து அழுத்திவிட்டு, மருத்துவரிடம் மலையாளத்தில், இரவில் இரண்டு முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, அதை ஒன்றாக்க முடியுமா, மாத்திரை என்றால் மறதி தராத மாத்திரையாக இருக்க வேண்டும் என்றார். மருத்துவர் என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்து, எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.